வெளுத்த வினைல் ஷட்டர்களுக்கு மீண்டும் நிறம்: ஒரு பிரஷர் வாஷிங் நிறுவனத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரைச் சுற்றியுள்ள புறநகர்களில் வீடுகளின் வெளிப்புறத்தைக் கழுவிக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம், வெளுத்துப்போன வினைல் ஷட்டர்களுக்குப் பழைய நிறத்தை மீட்டுத் தரும் வேலையையும் தன் தொழிலோடு சேர்த்துக்கொண்டது. அந்த முயற்சி எப்படித் தொடங்கியது, எங்கே சறுக்கியது, எந்த வடிவத்தில் நிலைத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறோம். நிறுவனத்தை நடத்துவது ஒரு தம்பதியர். கணவர் களத்தில் நிற்கிறார். மனைவி தொலைபேசி, கணக்கு, ஒப்பந்தத் தாள்கள் ஆகியவற்றைக் கவனிக்கிறார். வேலை மிகுந்த மாதங்களில் இரண்டு மூன்று பணியாளர்கள் இருப்பார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு பணித்தாள்களையும் படங்களையும் பார்த்தும், பணியாளர்களிடம் கேட்டறிந்தும் இது எழுதப்பட்டது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

இங்கே ஷட்டர் என்பது நம் ஊர்க் கடைகளில் ஏற்றி இறக்கும் இரும்புக் கதவு அன்று. அமெரிக்கப் புறநகர் வீடுகளில் ஜன்னலின் இருபுறமும் சுவரோடு ஒட்டிப் பொருத்தப்படும், ஏறக்குறைய 15 அங்குல அகலமுள்ள அலங்காரப் பலகை அது. ஒரு காலத்தில் புயலுக்கும் வெயிலுக்கும் மூடித் திறக்கும் மரக்கதவாக இருந்தது. இன்று பெரும்பாலும் அசையாத பிளாஸ்டிக் வார்ப்பு. கருப்பு, கரும்பச்சை, கருஞ்சிவப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களே வழக்கம் என்பதால், வெளுக்கும்போது தெருவிலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வீடு கழுவும் தொழிலில் வசந்தகாலம்தான் அறுவடைக்காலம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பைன் மரங்களின் மகரந்தம் மஞ்சள் மாவாக எல்லாவற்றின்மீதும் படியும். அது ஓய்ந்ததும் அழைப்புகள் குவியும். சுவரின் பாசியையும் பூஞ்சையையும் நீக்க 12.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை (ப்ளீச் திரவம்) வாங்கி, சுவரில் படும்போது ஏறக்குறைய 1 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்குமாறு நீர்க்கச் செய்து, சோப்புக் கலவை சேர்த்துக் குறைந்த அழுத்தத்தில் தெளித்து அலசுவார்கள். கழுவி முடித்த வீட்டில் வெண்மையான சுவர் பளிச்சென்று நிற்க, அதன் நடுவே ஷட்டர்கள் மட்டும் சாம்பல் பூத்து நிற்கும். அழுக்குச் சுவரில் யார் கண்ணிலும் படாத வெளிறல், சுவர் சுத்தமானதும் உறுத்தத் தொடங்கும். "ஷட்டர் ஏன் கழுவப்படவில்லை?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பது அந்நிறுவனத்துக்கு வாடிக்கையாகிவிட்டிருந்தது. குடியிருப்போர் சங்கம் ஷட்டரைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பிய கடிதத்தை நீட்டியவர்களும் உண்டு. தேவை கண்ணெதிரே இருந்தது. ஏணி, தண்ணீர், ஆள் எல்லாம் அதே வீட்டு வாசலில் ஏற்கெனவே நின்றன. கூடுதல் வருமானத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை என்று உரிமையாளர் எண்ணியதில் வியப்பில்லை.

வெளிறலின் தன்மை

ஷட்டரின் சாம்பல் நிறம் அழுக்கு அன்று. புற ஊதாக்கதிர் பிளாஸ்டிக்கின் மேல் அடுக்கிலுள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. ஆக்சிஜன் அந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது. நிறமிகளையும் நிரப்பிகளையும் பிடித்து வைத்திருந்த பிசின் அரிக்கப்பட, அவை தளர்ந்து மேற்பரப்பில் வெண்பொடியாக நிற்கின்றன. வெளுத்த ஷட்டரில் விரலை இழுத்தால், கரும்பலகையைத் துடைத்த விரல்போல் வெள்ளையாகும். தெற்கும் மேற்கும் பார்த்த சுவர்களில் இது கடுமையாகவும், வடக்குச் சுவரில் மிகக் குறைவாகவும் இருக்கும். ஒரே வீட்டில், ஒரே நாளில் பொருத்திய ஷட்டர்கள் வெவ்வேறு வயதுடையவைபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஹைப்போகுளோரைட் பாசியைக் கொல்லும். இந்தப் பொடியை ஒன்றும் செய்யாது. அழுத்தத்தைக் கூட்டி நீரை அடித்தால் நீர் பட்ட இடத்தில் பொடி கோடுகோடாக அகன்று, ஷட்டர் வரிக்குதிரையாகிவிடும். மென்மையான தூரிகையும் காரத்தன்மையுள்ள துப்புரவுக் கலவையும் கொண்டு தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். அப்போது கறுத்த பால்போல வழியும் நீர் கீழேயுள்ள வெளிர்நிறச் சுவரில் உலர்ந்தால், அந்தக் கறையைப் போக்குவது தனி வேலையாகிவிடும். ஆகவே சுவரை முதலிலேயே நனைத்து, தேய்த்து முடியும்வரை ஈரமாகவே வைத்திருக்கவேண்டும்.

முதல் பருவம்

முதல் வசந்தத்தில் நிறுவனம் தேர்ந்தெடுத்தது எண்ணெய் அடிப்படையிலான ஒரு தேய்ப்புத் திரவம். துணியில் தொட்டு ஷட்டரில் தடவினால் அடுத்த நொடியே சாம்பல் மறைந்து ஆழ்ந்த கருப்பு எழும். இது ஒளியியல் விளைவு: பொடித்துக் கரடான பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வெளிறித் தெரிகிறது, எண்ணெய் பள்ளங்களை நிரப்பிப் பரப்பைச் சமமாக்க, நிறம் மீண்டதுபோல் தோன்றுகிறது. ஈரத் துணியால் துடைத்தாலும் சற்று நேரம் இதே தோற்றம் கிடைக்கும்.

உரிமையாளர் விற்பனைக்கும் இதையே பயன்படுத்தினார். வாசற்கதவை ஒட்டிய ஷட்டரில் கையகல இடத்தில் தடவிக் காட்டினால், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அங்கேயே சம்மதித்தார்கள். ஒரு ஜோடிக்கு 20 டாலர் என்று விலை வைத்தார். பொடியை முழுமையாக எடுக்காமலேயே திரவம் பளபளத்ததால், தேய்க்கும் வேலை நாளடைவில் சுருங்கியது. வாடிக்கையாளர்கள் மகிழ்ந்தார்கள், படங்கள் அழகாக இருந்தன, ஒரு புகாரும் இல்லை.

அந்தத் திரவத்தில் காய்ந்து இறுகும் எண்ணெய் இருந்தது. ஆளி விதை எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காயும்போது வெப்பத்தை வெளிவிடுகின்றன. நனைந்த துணிகளைக் குவித்துப்போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். வண்டியின் பின்புறத்தில் ஹைப்போகுளோரைட் கலன்களுக்கு அருகே இத்தகைய துணிகள் ஒரு பையில் சுருட்டிக் கிடந்ததை மனைவி கண்டார். ஹைப்போகுளோரைட் ஆக்சிஜனேற்றும் பொருள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது மிக மோசமான கூட்டு. அன்றே மூடியுள்ள இரும்புக் கலனில் நீரூற்றி, துணிகளை அதில் போடும் ஏற்பாடு வந்தது. தொழிலில் நேர்ந்த மற்ற இடர்களுக்கெல்லாம் பணம்தான் விலை, இதற்கு அப்படியில்லை.

கோடைக்குப் பின் தெரிந்தவை

செப்டம்பரில் முதல் தொலைபேசி அழைப்பு வந்தது. ஏப்ரலில் வேலை செய்த ஒரு மாடி வீட்டில், வடக்குப் பக்க ஷட்டர்கள் கருப்பாகவே இருக்க, தெற்குப் பக்கத்தில் திட்டுத்திட்டாகச் சாம்பல் திரும்பியிருந்தது. ஒரே சீராக வெளுத்திருந்த பழைய நிலையே மேல் என்று வீட்டுக்காரர் சொன்னாராம். நேரில் போய்ப் பார்த்தபோது, பலகையின் குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பில் தூசியும் மகரந்தமும் எண்ணெயோடு சேர்ந்து பிசுக்காக ஒட்டியிருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் அதே வகைப் புகார்கள் மேலும் வந்தன. எல்லாமே தெற்கு அல்லது மேற்குச் சுவர்.

வெயில் மட்டுமே காரணம் என்று முதலில் கருதினார்கள். பணித்தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது. இலையுதிர்காலத்தில் இரண்டாம் முறை கழுவச் சொன்ன வீடுகளில் வடக்குச் சுவர் ஷட்டர்களும் மங்கியிருந்தன. ஹைப்போகுளோரைட்டும் சோப்பும் கலந்த அந்நிறுவனத்தின் சொந்தக் கழுவுநீரே எண்ணெய்ப் படலத்தை அரித்துக் கழற்றியிருந்தது. ஆண்டுதோறும் கழுவக் கூப்பிடும் நல்ல வாடிக்கையாளரிடத்தில்தான் இந்தச் சேவை மிக விரைவாகத் தோற்றது. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. கழுவும் வேலையின் தரத்தை வாடிக்கையாளர் அன்று மாலையே பார்த்துத் தீர்ப்பளித்துவிடுகிறார். நிறம் மீட்கும் வேலைக்கான தீர்ப்பு அடுத்த கோடை முடிந்த பிறகே வருகிறது. இரண்டையும் ஒரே ஏணியில் நின்று செய்யலாம் என்பதால் இரண்டும் ஒரே தொழில் ஆகிவிடுவதில்லை.

இரண்டாம் முயற்சி: வண்ணப்பூச்சு

புகார் செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்புவதா, வேறு முறையில் மீண்டும் செய்துகொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. தம்பதியர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். ஊரில் பெயர் கெடாமல் இருப்பது ஒரு காரணம். கையில் சில வீடுகள் இருந்தால்தான் புதிய முறையைச் சோதிக்க முடியும் என்பது மற்றொன்று. வெளிப்புற அக்ரிலிக் பெயிண்ட் வாங்கி, ஷட்டர்களை நன்கு தேய்த்துக் கழுவி, உலரவைத்து, இரண்டு கை அடித்தார்கள்.

குளிர்காலம் கழிந்தபின் விளைவு இரண்டாகப் பிரிந்திருந்தது. சில வீடுகளில் பெயிண்ட் கல்போல் பிடித்திருந்தது. வேறு சிலவற்றில் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் நாடாவாக உரிந்து வந்தது. அதே பெயிண்ட், அதே ஆட்கள், அதே வாரம். தேய்க்கும்போது பொடி மிஞ்சியதால் இருக்கலாம் என்று ஒரு பணியாளரைக் குறைசொல்லும் போக்கு சிறிது காலம் இருந்தது. உரிந்த பெயிண்ட் படலத்தின் பின்பக்கம் பொடியே இல்லாமல் வழவழப்பாக இருந்ததைக் காட்டி அவர் அதை மறுத்தார். அவர் சொன்னது சரி.

வினைல் என்ற பெயரில் விற்கப்படும் ஷட்டர்கள் எல்லாம் வினைல் அல்ல. சில உண்மையிலேயே வினைல், அதாவது பி.வி.சி. பிளாஸ்டிக்; மிகப் பல பாலிபுரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக். பி.வி.சி.யில் பெயிண்ட் ஓரளவு இயல்பாகவே ஒட்டும். பாலிபுரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. பெயிண்ட் போன்ற திரவங்களை எளிதில் தன்மேல் பரவவிடாது. அதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒட்டுதல் ஊக்கிப் பூச்சு அடியில் இல்லாவிட்டால், மேலே அடிக்கும் பெயிண்ட் போர்வையாகக் கிடக்குமே தவிரப் பற்றாது.

பிரித்தறியும் வழி எளிது. ஷட்டரின் பின்பக்க விளிம்பில் கத்தியால் நகக்கண் அளவு ஒரு சீவல் எடுத்து, ஒரு துளி பாத்திரச் சோப்பு கலந்த நீர்க் குவளையில் அமுக்கி விடவேண்டும். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, ஏறக்குறைய 0.9, மேலே வந்துவிடும். பி.வி.சி.யின் அடர்த்தி 1.4 அளவில் இருப்பதால் அடியில் தங்கும். சோப்பு எதற்கென்றால், நீரின் மேற்பரப்பு இழுவிசை சிறு சீவலைப் பொய்யாக மிதக்கவைக்காமல் இருப்பதற்கு. சீவலை எரித்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும் என்பதால் அதை நிறுவனம் தடைசெய்தது. உரிந்த வீடுகளிலிருந்து எடுத்த சீவல்கள் மிதந்தன. பிடித்திருந்த வீடுகளில் எடுத்தவை மூழ்கின.

எடுத்த முடிவுகள்

அந்தச் சோதனைக்குப் பிறகுதான் இந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. எண்ணெய்த் திரவம் முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் விலை சொல்வதற்கு முன் குவளைச் சோதனை கட்டாயமாயிற்று. மூழ்கினால் அக்ரிலிக் பெயிண்ட். மிதந்தால் ஒட்டுதல் ஊக்கியும் அதன்மேல் பெயிண்டும், அதற்கேற்ற கூடுதல் விலையும். பெயிண்ட் பிடித்திருக்கிறதா என்று அறிய, அதில் கீறிய கட்டங்களின்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்துப் பார்க்கும் சோதனையை, ஒவ்வொரு வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் செய்து படமெடுத்து வைத்தார்கள்.

ஷட்டரைச் சுவரிலேயே வைத்து அடிப்பதா, கழற்றி அடிப்பதா என்பதில் தம்பதியருக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கழற்றினால் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணிகளின் தலையை வெட்டித்தான் எடுக்கவேண்டும். திரும்ப மாட்டப் புதியவை வேண்டும். ஆனால் சுவரிலேயே வைத்தால் தேய்க்க, அலச, உலர்ந்ததைப் பார்க்க, முதல் கை அடிக்க, இரண்டாம் கை அடிக்க என்று ஒரே மாடி ஜன்னலுக்கு மீண்டும் மீண்டும் ஏணி ஏறவேண்டும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளிவைப்பதற்கே செடிகொடிகள் பல வீடுகளில் இடம் தருவதில்லை. மாடி ஷட்டர்களைக் கழற்றி இறக்கி நிழலில் மரத்தாங்கிகளின்மேல் வைத்து அடிப்பது, கீழ்த்தள ஷட்டர்களைச் சுவரை மறைத்துக்கட்டி அங்கேயே அடிப்பது என்று முடிவானது. கழற்றிய இடத்தில் வெயில் படாத பழைய சுவர் நிறம் அடர்ந்த சட்டமாகத் தெரியும் என்பதால், ஒவ்வொரு ஷட்டரின் பின்புறமும் அது வந்த ஜன்னலின் எண்ணை எழுதிவைத்து, அதே இடத்தில், அதே உயரத்தில் மாட்டவேண்டியிருந்தது.

கழற்றுவதில் எதிர்பாராத ஓர் இடர் குளவி. ஷட்டருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெதுவெதுப்பான இடுக்கு குளவிக் கூட்டுக்கு ஏற்ற இடம். மாடி உயரத்தில் ஆணியை நெம்பியபோது கூடு கலைந்து ஒரு பணியாளர் கொட்டுப்பட்டார். ஏணியின் மேற்புறத்தில் சுவரை அணைக்கும் தாங்கி இருந்ததால் ஏணி நகரவில்லை. அதன்பின், கழற்றுவதற்கு முன் கீழிருந்தே நீளக் கம்பால் ஷட்டரைத் தட்டிக் காத்திருப்பது விதியாயிற்று.

பூச்சு நேரமும் மாறியது. வட கரோலினாவின் ஈரப்பதத்தில், மாலையில் அடித்த நீர்வழிப் பெயிண்ட் முழுதாகக் காயுமுன் பனி இறங்கினால், பெயிண்டிலுள்ள சோப்புப் பொருள்கள் மேலே வந்து பிசுபிசுப்பான கோடுகளாக வழியும். அதனால் காலை ஈரம் முற்றிலும் உலர்ந்தபின் தொடங்கிப் பிற்பகல் பாதியில் நிறுத்தினார்கள்.

விலை, ஒப்பந்தம், காப்பீடு

முதல் பருவத்தின் 20 டாலர் விலை, துணியால் தடவிச் செல்லும் வேலைக்கான விலை. புதிய முறைக்கு அதைப்போல் பல மடங்கு நேரம் பிடித்தது. ஆனால் இந்தச் சேவையின் விலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: வழக்கமான அளவில் புதிய ஷட்டர் ஜோடி ஒன்று கடையில் ஏறக்குறைய 50 முதல் 120 டாலருக்குக் கிடைக்கும். சிறிய, வழக்கமான ஷட்டர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவும் மாற்றும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அத்தகைய வீடுகளில் மாற்றுவதே நல்லது என்று சொல்லி, மாற்றிப் பொருத்தும் வேலையை எடுக்கத் தொடங்கினார்கள். வளைந்த தலையுள்ளவை, மிக நீளமானவை, தயாரிப்பு நின்றுபோன நிறமும் அளவும் கொண்டவை ஆகியவற்றுக்கே நிறமீட்பு பொருந்தியது. சேவையைச் சுருக்கியது வருமானத்தைக் குறைக்கும் என்று கணவர் அஞ்சினார். கணக்கைப் பார்த்த மனைவிதான் இதில் உறுதியாக நின்றார்.

வாசலில் நின்றபடியே சம்மதம் வாங்கும் முறையும் மாற்றப்பட்டது. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்தின் விதி ஒன்றின்படி, வாங்குபவரின் வீட்டில் 25 டாலர் அல்லது அதற்கு மேல் நடக்கும் விற்பனைகளை வாங்குபவர் 3 வேலைநாட்களுக்குள் விலக்கிக்கொள்ளலாம். அந்த உரிமையை எழுத்தில் தெரிவிப்பதும் விற்பவரின் கடமை. ஒரு பராமரிப்பு வேலைக்கு வாடிக்கையாளரே அழைத்திருந்தாலும், வந்த இடத்தில் கூடுதலாக விற்கும் சேவைக்கு இந்த விதி பொருந்தும். எனவே கழுவும் நாளில் சோதனையும் மதிப்பீடும் மட்டும் நடந்தன. ஒப்பந்தத்தோடு விலகல் அறிவிப்பும் கொடுக்கப்பட்டு, வேலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இதனால் சிலர் மனம் மாறினார்கள். ஆனால் கழுவிய சுவர் முழுதாக உலர ஒரு வாரம் கிடைத்தது.

நிறுவனத்தின் பொறுப்புக் காப்பீடு துப்புரவுத் தொழில் என்ற வகையில் எடுக்கப்பட்டது. பெயிண்ட் வேலை வேறு வகை. அதற்குரிய இழப்பு நேர்ந்தால் கோரிக்கை மறுக்கப்படலாம் என்று முகவர் விளக்கினார். வகையைச் சேர்த்துத் தவணையைக் கூட்டிக் கட்டியபிறகே இரண்டாம் வசந்தத்தின் வேலைகள் தொடங்கின. சில மாநிலங்களில் உரிமமே தனி. கலிபோர்னியாவில் பெயிண்ட் ஒப்பந்தக்காரருக்கு சி-33 என்ற பிரிவு உண்டு.

விளைவு

எண்ணெய் தடவிய வீடுகளில் புகார் செய்தவர்கள் அனைவருக்கும் ஷட்டர்கள் மீண்டும் செய்துகொடுக்கப்பட்டன அல்லது பணம் திருப்பப்பட்டது. பெயிண்ட் உரிந்த ஷட்டர்களைச் சுரண்டி எடுத்து, ஊக்கிப் பூச்சோடு மறுபடி அடித்தார்கள். அந்த உழைப்புக்கு வருமானம் எதுவும் இல்லை. முதலிரு பருவங்களைச் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சேவை நட்டம்.

அடுத்த கோடையைத் தாண்டியபோது, ஊக்கிப் பூச்சிட்ட பாலிபுரொப்பிலீன் ஷட்டர்களில் உரிதல் காணப்படவில்லை. ஆண்டுக் கழுவலுக்குப் பின்னும் நிறம் மங்கவில்லை. எண்ணிக்கையில் வேலைகள் முதல் பருவத்தைவிடக் குறைவு. ஒவ்வொன்றின் மதிப்பும் அதிகம். கழுவும் வேலை தணியும் ஜூன், செப்டம்பர் மாதங்களில் இவை அமைந்ததால், பணியாளர்களுக்குத் தொடர்ந்து வேலை கிடைத்தது. அந்தத் தம்பதியர் இச்சேவையைத் தொடர்வதற்கு லாபத்தைவிட இதுவே பெரிய காரணமாகத் தெரிகிறது.

இனி மாற்றப்படுவன

புதிய பூச்சு எதையும் வாடிக்கையாளர் வீட்டில் முதலில் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்துள்ளார்கள். பழைய ஷட்டர்களை இருவகைப் பிளாஸ்டிக்கிலும் வாங்கி, தங்கள் வீட்டின் தெற்குச் சுவரில் மாட்டி, ஒரு முழுக் கோடையும் தங்கள் வழக்கமான கழுவுநீரும் பட்டபின்பே விற்பனைக்கு எடுப்பார்கள்.

விரலால் அழுத்தினால் நொறுங்கும் அளவுக்கு மக்கிய ஷட்டர்களில் வேலை ஏற்பதில்லை. ஆணியைக் கழற்றும்போதே அவை பிளந்துவிடுகின்றன. ஷட்டரின் நிறத்தை மாற்றக் கேட்பவர்களிடம், குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துமூல அனுமதியை முதலில் பெற்றுவரச் சொல்கிறார்கள்.

பெயர் பரவியதும் மர ஷட்டர்களுக்கும் அழைப்பு வரத் தொடங்கியது. அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈய பெயிண்ட் 1978-இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட வீடுகளில் பெயிண்ட் பரப்பைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுரண்டித் தேய்ப்பவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2010 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி சான்றிதழ் வேண்டும். அந்தப் பயிற்சியை எடுப்பதா என்பதை அடுத்த குளிர்காலத்தில் முடிவு செய்வதாக இருக்கிறார்கள். அதுவரை அத்தகைய வீடுகளைச் சான்றிதழ் பெற்ற ஒரு பெயிண்டரிடம் அனுப்பிவிடுகிறார்கள்.